சோறு சாப்பிட்டதை மறந்த ஆயா

மணவூர்ப் பக்கம் எழுபதைத் தாண்டிய ஓர் ஆயாவிடம் வயதைக் கேட்டால் எண் உடனே வந்துவிடாது. “திருத்தணி நம்ம பக்கம் வந்தப்போ நான் ஆடு ஓட்டிக்கினு இருந்தேன்” என்பதுபோல ஏதாவது சொல்வார். ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தால் ஜனவரி 1 என்று ஒரு பிறந்த தேதி இருக்கும். யாரோ கணினிமுன் உட்கார்ந்து உத்தேசமாகப் போட்ட தேதி அது. முதியோர் உடல்நலத்தை ஆராய வருகிறவருக்கு அட்டையைவிட ஆடு ஓட்டிய கதைதான் உதவும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. ஆடு ஓட்டுகிற வயது எட்டோ பத்தோ இருக்கலாம். அண்ணா இறந்த 1969இல் கல்யாணம் ஆகியிருந்ததா, எம்.ஜி.ஆர். இறந்த 1987இல் மூத்த பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்றா என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டால், இரண்டு மூன்று வருட வித்தியாசத்துக்குள் வயது பிடிபட்டுவிடும்.

அவ்வளவு நுணுக்கம் எதற்கு? மறதிநோய் என்று நாம் சொல்லும் டிமென்ஷியா வருவதற்கான வாய்ப்பு, 65 வயதுக்குமேல் ஏறத்தாழ ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. வயதில் ஐந்து வருடம் பிசகினால் ஓர் ஊரின் நோய்க் கணக்கே தலைகீழாகிவிடும்.

அந்த நோய் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம், பெயர் தெரியாமலேயே. மருமகள் தட்டைக் கழுவிக் கவிழ்த்த ஈரம்கூடக் காய்ந்திருக்காது. ஆயா வாசலில் உட்கார்ந்துகொண்டு, “காலையிலேர்ந்து ஒரு வாய் சோறு போடல” என்று தெருவில் போகிறவரிடம் சொல்வார். தெருவும் நம்பிவிடும். மருமகளுக்குக் கெட்ட பெயர். மகன் அரக்கோணம் ரயிலில் சென்னை வேலைக்குப் போய் இரவு திரும்பினால், அம்மா ஒன்று சொல்கிறார், மனைவி ஒன்று சொல்கிறாள். விஷயம் முற்றிய பிறகு யாராவது கேட்டால், “வயசாயிடுச்சு இல்ல” என்று ஒரு பதில். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பதிலைத்தான் நீண்டகால சமூக ஆய்வுகள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேள்வி கேட்டு வருகின்றன. எதெல்லாம் வயதின் வேலை, எதெல்லாம் நோயின் வேலை? ஒருநாள் பரிசோதனையில் இதற்கு விடை கிடைக்காது. அதே மனிதர்களை ஆண்டுக் கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

ரத்தக் கொதிப்பைப் பற்றியும் ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். வயதோடு 100ஐக் கூட்டினால் வருவதுதான் ஒருவருக்கு இயல்பான அழுத்தம் என்று ஒரு வாய்ப்பாடு புழக்கத்தில் இருந்தது. அந்தக் கணக்குப்படி 70 வயதுக்காரருக்கு 170 இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களை வரவழைத்துப் பரிசோதித்தார்கள். யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்குப் பக்கவாதம் வந்தது, அதற்குமுன் அவர்களுடைய அழுத்தம் என்னவாக இருந்தது என்று பின்னோக்கிப் பார்க்க முடிந்தபோது, ‘வயதுக்குரிய அழுத்தம்’ என்ற எண்ணம் உடைந்தது. இன்று பி.பி. மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரும் அந்த ஊர்க்காரர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஒரே சமயத்தில் ஊரையெல்லாம் கணக்கெடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அது திருவிழாவில் எடுத்த ஒற்றைப் போட்டோ மாதிரி. யார் யார் நின்றார்கள் என்று காட்டும், யார் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டாது. இன்று 80 வயதான பெண்ணும் 60 வயதான பெண்ணும் ஒரே நினைவாற்றல் சோதனையை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 80 வயதுக்காரர் குறைவாக வாங்கினால் அது வயதால் வந்த குறைவு என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் 60 வயதுக்காரர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்துக்குள் காமராஜரின் இலவசக் கல்வியும் மதிய உணவும் கிராமங்களுக்கு வந்து சேர்ந்திருந்தன. மூத்தவருக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது. இருவருக்கும் இடையே இருப்பது இருபது வருட முதுமையா, ஐந்து வருடப் பள்ளிக்கூடமா? ஒரே ஆளைத் தொடர்ந்து பார்க்காமல் இதைப் பிரிக்க முடியாது.

தொடர்ந்து பார்ப்பதிலும் சிக்கல் இருக்கிறது. 85 வயதில் நம் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்கிறவர், தன் வயதுக்காரர்களில் திடமானவர். மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டாவது முறை போகும்போது வீட்டில் இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் நலம் கெட்டவர்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பார். இன்னொருவரைச் சென்னையில் இருக்கும் மகன் அழைத்துப் போயிருப்பார். எல்லைக்கு அந்தப்பக்கம் நகரியிலோ புத்தூரிலோ கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு ஒருவர் போயிருப்பார். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஊரே ஆரோக்கியமாக இருப்பதாகத் தெரியும். அதனால் நல்ல ஆய்வுக் குழுவின் திறமை, கருவிகளைவிட, காணாமல் போனவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் தெரிகிறது.

நமக்கு மிகவும் பக்கத்தில் நடந்த கதைக்கு வருகிறேன். உலகில் டிமென்ஷியா உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் இருந்தார்கள். மக்கள்தொகை சார்ந்த ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியவை அல்ல. இந்த அநியாயத்தையே பெயராக வைத்துக்கொண்டு ‘10/66’ என்ற ஆய்வுக் குழு 1998இல் கொச்சியில் உருவானது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மார்ட்டின் பிரின்ஸ் அதை ஒருங்கிணைத்தார். இந்தியாவில் அந்தக் குழு வீடு வீடான கணக்கெடுப்புக்கு எடுத்துக்கொண்ட இடங்கள் இரண்டுமே தமிழ்நாட்டில் இருந்தன. நகர்ப்புறத்துக்குச் சென்னை, அங்கே வி.எச்.எஸ். மருத்துவமனையின் ஜோசப் வில்லியம்ஸ் பொறுப்பு. கிராமப்புறத்துக்கு வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியம், அங்கே சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் கே. எஸ். ஜேக்கப். சி.எம்.சி.யின் சமூக நலப் பணியாளர்கள் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் போய்ப் பிறப்பு இறப்புகளைப் பதிந்து வரும் ஒன்றியம் அது. 65 வயதைக் கடந்தவர்கள் இடத்துக்கு ஆயிரம் பேர் அளவில் சேர்க்கப்பட்டார்கள்.

முதல் தடை கேள்வித்தாள். உலகமெங்கும் புழங்கும் நினைவாற்றல் சோதனை 1975இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. இன்று என்ன தேதி, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரை என்று கேட்கும். பென்சிலே பிடிக்காத ஒருவர் இதில் தோற்பதற்கு மூளையில் நோய் இருக்கத் தேவையில்லை. ஆங்கிலத் தேதி தெரியாத மணவூர் ஆயாவுக்கு, ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் எத்தனை நாள் என்பது விரல்நுனியில் இருக்கும். காவடிக்கூட்டம் போவதற்குமுன் வீட்டு வேலையை முடிக்க வேண்டுமே.

அதனால் 10/66 குழு, படிப்பைச் சாராத கேள்விகளைத் தேர்ந்தெடுத்தது. பத்துச் சொற்களை மெதுவாகப் படித்துக்காட்டித் திரும்பச் சொல்லச் சொல்வார்கள், மூன்று முறை. பிறகு வேறு பேச்செல்லாம் பேசிவிட்டு, அந்தச் சொற்கள் நினைவிருக்கிறதா என்பார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடிகிறது என்று பார்ப்பார்கள். முழங்கையைத் தொட்டுக் காட்டி இது என்ன என்பார்கள். பேட்டியின் தொடக்கத்தில் தன் பெயரைச் சொன்ன பணியாளர், நடுவில், “என் பேர் என்னன்னு சொன்னேன்?” என்று கேட்பார்.

அதைவிட முக்கியமான பகுதி, வீட்டிலிருக்கும் இன்னொருவரிடம் தனியாகக் கேட்பது. பொருளை எங்கே வைத்தோம் என்று மறக்கிறாரா? பழைய காலத்தையும் இப்போதையும் குழப்பிக்கொள்கிறாரா? தெருவில் வழி தவறுகிறாரா? தானாகச் சாப்பிட, உடுத்த முடிகிறதா? ஒருவரின் பள்ளிப் படிப்பு என்னவாக இருந்தாலும், அவர் நேற்று எப்படி இருந்தார் என்பதோடு இன்று ஒப்பிடத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது மருமகளோ மகளோதான்.

முடிவுகள் 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் இலக்கணப்படி பார்த்தால், கிராமப்புற இந்தியாவில், அதாவது கணியம்பாடியில், டிமென்ஷியா 0.3 விழுக்காடுதான். கியூபாவில் 6.3. இருபது மடங்கு வித்தியாசம்! 10/66 குழுவின் சொந்த அளவுகோலால் அதே ஆட்களைப் பார்த்தபோது அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. எல்லா நாடுகளும் 5.6க்கும் 11.7க்கும் நடுவில் வந்தன.

ஏன் இப்படி? அமெரிக்க இலக்கணம் ஒரு நிபந்தனை வைக்கிறது: மறதியால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்க வேண்டும். அது தெரிய வருவது பெரும்பாலும் வீட்டார் சொல்வதை வைத்துத்தான். பாஸ்டனில் தனியாக வாழும் 78 வயதுக்காரர் கார் ஓட்ட வேண்டும், வங்கிக் கணக்கு பார்க்க வேண்டும், வரி கட்ட வேண்டும். மறதி தொடங்கிய முதல் வருடமே அது வெளியே வந்துவிடும். நம் ஊரில் 78 வயது ஆயாவிடம் யார் எதை எதிர்பார்க்கிறார்கள்? சோறு கைக்கு வருகிறது. ரேஷன் கடைக்குப் பேரன் போகிறான். முதியோர் உதவித்தொகையை மகன் எடுத்து வந்து கொடுக்கிறார். மூளை பாதி தளர்ந்தபிறகும், அது தெரிவதற்கான வேலை எதுவும் அவர் கையில் இல்லை. கேட்டால் வீட்டார் மனப்பூர்வமாகவே, “நல்லாத்தான் இருக்காங்க” என்பார்கள். நோயை நம் வீட்டின் அன்பே மறைத்துவிடுகிறது. இந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்த இடம் இதுதான்.

சந்தேகப்படுகிறவர்கள் இருந்தார்கள். படிக்காத ஏழைகளை எல்லாம் நோயாளி என்று இந்தப் புது அளவுகோல் முத்திரை குத்துகிறதோ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் காலம் ஒன்றால்தான் முடியும். சென்னைக் குழு மூன்று வருடம் கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பிப் போனது. டிமென்ஷியா என்று கண்டறியப்பட்டவர்களில் இறந்தவர்களின் விகிதம், மற்றவர்களைவிட மிக அதிகம். உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நிலைமை மேலும் மோசமாகியிருந்தது. படிப்பில்லாமையும் வறுமையும் மட்டுமே காரணம் என்றால் மூன்று வருடத்தில் இப்படிச் சரிந்திருக்க மாட்டார்கள். அளவுகோல் நோயைத்தான் பிடித்திருந்தது.

வடக்கே ஹரியானாவின் பல்லப்கரில் 28 கிராமங்களில் 55 வயதைக் கடந்த 5,126 பேரைப் பரிசோதித்த இந்திய–அமெரிக்க ஆய்வு வேறு கதையைச் சொன்னது. அங்கே 65 வயதுக்கு மேற்பட்டோரில் டிமென்ஷியா 1.36 விழுக்காடு மட்டுமே. பின்தொடர்ந்து பார்த்தபோது, புதிதாக அல்சைமர் நோய் வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் 4.7 பேர், ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்கப் பகுதியில் 17.5. இந்தியக் கிராமங்களில் நோய் உண்மையிலேயே குறைவா, நோய் வந்தவர்கள் சீக்கிரம் இறந்துவிடுகிறார்களா, வீட்டார் சொல்லாமல் விடுகிறார்களா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. பிந்தைய தேசிய ஆய்வு ஒன்று கணக்கைக் கூட்டித்தான் காட்டுகிறது. மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017–18இல் 72,000க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துத் தொடங்கிய லாசி ஆய்வின் கிளை அது. அதன்படி 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. ஆண்களில் 5.8, பெண்களில் 9. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத சிறுமிகள், அறுபது எழுபது வருடம் கழித்து அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே இதை நான் படிக்கிறேன். இளமைக் கல்வி மூளைக்கு ஒரு கையிருப்பைச் சேர்த்து வைக்கிறது என்பது இன்று பல நாடுகளின் ஆய்வுகள் ஒத்துக்கொண்ட விஷயம்.

முதுமையின் வேர் இன்னும் ஆழத்தில், கருவறை வரைக்கும் போகிறது. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனை 1934இலிருந்து ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையையும் பேரேட்டில் எழுதி வைத்திருந்தது. அந்தப் பேரேடுகளைக் கொண்டு, அங்கே 1934க்கும் 1954க்கும் இடையில் பிறந்து மைசூரிலேயே வாழ்ந்த 517 பேரைத் தேடிப்பிடித்து 1990களில் பரிசோதித்தார்கள். ஏழு பவுண்டோ அதற்கு மேலோ பிறந்தவர்களில் இதய ரத்தக்குழாய் நோய் 3 விழுக்காடு. ஐந்தரைப் பவுண்டுக்கு உட்பட்டுப் பிறந்தவர்களில் 11. வேலூரிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் 1969–73இல் பிறந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை சி.எம்.சி. பதிந்தது. முப்பதை ஒட்டிய வயதில் மீண்டும் பரிசோதிக்கக் கிடைத்தவர்கள் 2,218 பேர். அவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். தாயின் வயிற்றில் இருந்த நாளிலிருந்தே குறிப்புகள் உள்ள முதியவர்கள் நமக்குக் கிடைக்கப் போகிறார்கள். உலகில் வெகு சில இடங்களிலேயே இப்படி ஒரு செல்வம் இருக்கிறது.

எல்லா அளவீடும் இவ்வளவு சிக்கலானதல்ல. கைப்பிடியின் வலுவை அளக்க ஒரு சின்னக் கருவி போதும். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் அளந்து பார்த்த ஆய்வு, பிடிவலு 5 கிலோ குறையக் குறைய இறப்புக்கான அபாயம் 16 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. ரத்த அழுத்தத்தைவிட நன்றாக இது முன்னறிவித்தது. நடைவேகமும் அப்படித்தான். திருத்தணி மலைக்கு 365 படி என்பார்கள். போன வருடம் எந்த இடத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தார், இந்த வருடம் எங்கே உட்கார்ந்தார் என்று கூடப் போகிறவர் கவனித்தாலே, அவருடைய உடம்பைப் பற்றிய ஓர் அளவு கிடைத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டியதில்லை. போன வருடத்து அவரோடு ஒப்பிட்டால் போதும்.

கர்நாடக எல்லைக்கு அப்பால், கோலார் மாவட்டத்து மாம்பழ ஊரான ஸ்ரீநிவாசபுராவில், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி மையம் 45 வயதைக் கடந்த கிராமத்தவர் 10,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வை நடத்துகிறது. திருத்தணி–திருவாலங்காடு வட்டாரத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பேன். மண்ணும் பயிரும் வேறு, பேச்சில் பாதி வீட்டில் தமிழும் மீதி வீட்டில் தெலுங்கும், இளையவர்கள் காலை ரயிலில் கிளம்பிப்போய்விடப் பகலெல்லாம் முதியவர்கள் மட்டும் இருக்கும் ஊர்கள். அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், பி.பி. கருவியும் சர்க்கரை மாத்திரையுமாக வீடு வீடாகப் போகிறார்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், யார் புதிதாகத் தடுமாறுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். கேரளத்தின் திருச்சூரில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சி கொடுத்து, டிமென்ஷியா இருக்கலாம் என்று தோன்றுகிறவர்களைக் குறிக்கச் சொன்னபோது, அவர்கள் குறித்த மூவரில் ஏறத்தாழ இருவருக்கு நோய் உறுதியானது.

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது, மருந்துதான் இல்லையே என்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மறதியாகத் தெரிவதெல்லாம் டிமென்ஷியா அல்ல. பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே கசிந்த ரத்தம் ஆகியவையும் அப்படியே தோற்றம் காட்டும், இவை சரிசெய்யக்கூடியவை. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று ஆள் தெரியாமல் உளறினால், அது சிறுநீர்த் தொற்றாகவோ உடலில் உப்புச்சத்து குறைந்ததாகவோ இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கேட்கும் திறன் குறைவதும் டிமென்ஷியாவின் அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்று. காது மந்தமான பெரியவருக்குக் கேட்புக் கருவி வாங்கித் தருவதை வீண் செலவு என்று நினைக்கக் கூடாது.

இரண்டாவது விஷயம் மருமகளைப் பற்றியது. 10/66 வலைப்பின்னலைச் சேர்ந்த அமித் டயஸ் குழுவினர் கோவாவில் டிமென்ஷியா உள்ள 81 குடும்பங்களில் ஒரு பரிசோதனை நடத்தி, 2008இல் வெளியிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் முக்கியமாகச் செய்தவை இவை: இது நோய், பிடிவாதமோ பொய்யோ அல்ல என்று வீட்டாருக்கு விளக்கினார்கள், குளிப்பாட்டுவது, இரவில் எழுந்து நடப்பது போன்ற அன்றாடப் பாடுகளுக்கு வழி சொல்லித் தந்தார்கள், அரசு உதவிகளைப் பெற உதவினார்கள், பார்த்துக்கொள்கிறவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். ஆறு மாதத்தில், பார்த்துக்கொள்பவர்களின் மன உளைச்சல், அந்த உதவி கிடைக்காத வீடுகளைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து “சோறு போடல” என்று சொல்லும் ஆயாவின் வீட்டில், தட்டைக் கழுவி வைத்த அந்தப் பெண்ணுக்கு, தப்பு அவள்மேல் இல்லை என்று தெருவே கேட்க எடுத்துச் சொல்ல ஒரு தன்னார்வலர் போதும்; அதற்கு எம்.ஆர்.ஐ. எந்திரம் தேவைப்படாது.